பலகையும் தலைப்பாகையும்: ஒரு புரூஸ் லீ ஆவணப்படமும் அதன் மதிப்புரைகளும்

1

அடிதடிப் பட நடிகர் ஒருவரைப் பற்றி ஓர் ஆவணப்படம். அதற்கு அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த மதிப்புரைகள். அந்த மதிப்புரைகளைப் பற்றி மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு கட்டுரை. இதெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்டும் விட்டார்கள். 'சலூன் கடையில தொங்குற ஆளைப் பத்தி நமக்கென்ன தத்துவ விசாரம்' என்றார் ஒருவர். சலூன் கடையில் தொங்குவதால்தான் பேச வேண்டியிருக்கிறது என்பது என் பதில். எந்தக் கட்சியும் சொல்லாமல், எந்த ரசிகர் மன்றமும் காசு வசூலிக்காமல், முடிதிருத்தும் கடையிலும் மெக்கானிக் ஷெட்டிலும் சேரி இளைஞர் மன்றத்தில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்திலும் வந்து ஒட்டிக்கொண்ட முகம் அது. ஏன் ஒட்டிக்கொண்டது என்ற கேள்வியை நமது விமர்சனம் இதுவரை கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அமெரிக்க விமர்சனமும் கேட்கவில்லை. இரண்டு மௌனங்களுக்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம்.

நான் பேச எடுத்துக்கொள்ளும் படம் பாவோ நுயென் இயக்கிய 'பி வாட்டர்' ('நீராய் இரு'). 2020 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, அதே ஆண்டு ஜூன் 7ஆம் தேதி அமெரிக்காவின் விளையாட்டுத் தொலைக்காட்சியான இ.எஸ்.பி.என்.னில் ஒளிபரப்பானது. நுயென் வியத்நாமிய அகதிக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கர். பழைய படச்சுருள்கள், புகைப்படங்கள், கடிதங்கள், பேட்டித் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பகுதியையும் கட்டியிருக்கிறார். மனைவி லிண்டா, மகள் ஷானன், தம்பி ராபர்ட், மாணவர்கள், ஓரிரு விமர்சகர்கள் ஆகியோர் குரல்களாக மட்டும் வருகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காமிராவைப் பார்த்துப் பேசும் தலைகளின் தொல்லை இல்லை. திரை முழுக்க அந்த ஒரே உடல்.

1940ல் சான்பிரான்சிஸ்கோவில், அங்கே சுற்றுப்பயணத்தில் இருந்த கான்டனீய இசைநாடக நடிகர் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, ஹாங்காங்கில் குழந்தை நட்சத்திரமாக வளர்ந்து, 1959ல் அமெரிக்கா திரும்பி, 'கிரீன் ஹார்னெட்' தொடரில் (1966-67) வெள்ளைக்காரக் கதாநாயகனுக்குக் காரோட்டும் கேட்டோவாக நடித்து, மேற்கொண்டு வேடம் கிடைக்காமல் ஹாங்காங் போய், 1971 முதல் இரண்டே ஆண்டுகளில் ஆசியாவின் மிகப்பெரிய நட்சத்திரமாகி, 'என்டர் தி டிராகன்' அமெரிக்காவில் வெளியாகும் முன்பே, 1973 ஜூலை 20 அன்று 32 வயதில் செத்துப்போன கதை. தெரிந்த கதைதான். நுயென் இதை அமெரிக்க இனவெறியின் வரலாற்றுக்குள் வைத்துச் சொல்கிறார் என்பதே படத்தின் புதுமை.

2

படம் ஒளிபரப்பான வேளையைக் கவனிக்க வேண்டும். மே 25ஆம் தேதி மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரனின் முழங்கால் ஏறியது. இரண்டு வாரத்தில் அமெரிக்க நகரங்கள் எல்லாம் தெருவில் நின்றன. கொரோனாவைச் 'சீன வைரஸ்' என்று அந்நாட்டு ஜனாதிபதியே சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிய முகங்கள் பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் வசவும் அடியும் வாங்கிக்கொண்டிருந்தன. முந்தைய வருடம்தான் டரன்டினோ தன் படமொன்றில் புரூஸ் லீயை வாய்ச்சவடால் பேர்வழியாகக் காட்டி, மகள் ஷானனின் வெளிப்படையான எதிர்ப்பைச் சம்பாதித்திருந்தார். இந்தச் சூழலில் ஒரு படத்தைப் பார்க்கிறவர்கள் படத்தை மட்டுமா பார்ப்பார்கள்?

மதிப்புரைகளில் பாராட்டுகள் ஏறக்குறைய ஒரே திசையில் போயின. வழக்கமான வீரவணக்கப் படங்களைப் போல உதையின் வேகத்தையும் மரணத்தின் மர்மத்தையும் சுற்றிவராமல், சீனர்களை நாட்டுக்குள் விடாத 1882ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது வரை பின்னணியாக விரித்திருக்கிறது. வெள்ளை நடிகர்கள் மஞ்சள் சாயம் பூசி ஆசியர்களாக நடித்த ஹாலிவுட்டின் வாசலில் ஒருவர் எப்படித் தட்டித்தட்டிப் பார்த்தார் என்று காட்டுகிறது. இன்றைய போராட்டங்களோடு சேர்த்துப் பார்க்கத் தகுந்தது. குறை சொன்னவர்களும் இருந்தார்கள். குடும்பத்தாரின் ஒத்துழைப்போடு எடுத்த படத்தில் பக்தி கூடுதல். தாம்பத்தியத்தின் சிக்கல்களும் மரணத்தின் சூழலும் பட்டும் படாமல் போகின்றன. அவரது கோபதாபங்கள் இஸ்திரி போடப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது தரப்பின் குறையில் நியாயம் உண்டு. படம் வந்த அதே ஆண்டு அதே வாசகத்தைத் தலைப்பாக்கி ஷானன் லீ ஒரு வாழ்வியல் வழிகாட்டிப் புத்தகமும் வெளியிட்டார். 2019ல் ஹாங்காங் இளைஞர்கள் போலீஸிடம் பிடிபடாமல் கூடிக் கலைவதற்கான தந்திரமாக எடுத்துக்கொண்டதும் இதே 'நீராய் இரு'தான். ஒரே தண்ணீர், ஓரிடத்தில் தெருவில் ஓடுகிறது. இன்னோரிடத்தில் பாட்டிலில் அடைபட்டு விற்பனைக்கு வருகிறது.

ஆனால் இந்தப் பாராட்டும் குறையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவை. இரண்டும் கேட்பது 'அவர் யார்?' என்ற கேள்வியையே. ஒன்று 'அவமதிக்கப்பட்ட முன்னோடி' என்கிறது. மற்றது 'நீங்கள் காட்டுவதைவிடச் சிக்கலான மனிதர்' என்கிறது. அவரைப் பார்த்தவர்கள் யார், பார்த்து என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு இந்த விமர்சனத்தில் இடமில்லை. அல்லது, ஒரே ஒரு பார்வையாளருக்கு மட்டும் இடமிருக்கிறது: திரையில் தன்னைப் போன்ற முகத்தைக் காணாமல் ஏங்கிய ஆசிய அமெரிக்கர். அவருடைய ஏக்கம் உண்மையானது. ஆனால் அந்த ஏக்கத்தையே அளவுகோலாக்கும்போது மொத்தக் கதையும் பிரதிநிதித்துவத்தின் கதையாகச் சுருங்கிவிடுகிறது. கடைசியில் ஹாலிவுட்டின் கதவு திறந்ததா இல்லையா என்பதே நியாயத் தீர்ப்பு ஆகிறது.

3

கணினியில் இறக்கிவைத்திருந்த இந்தப் படத்தை, மைதானத்தில் பல வருடமாகப் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்துவந்த ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். ஊரே அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடும். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இங்கிலீஷ் குரல்களை அவ்வப்போது நிறுத்தி நான் தமிழில் சொல்ல, அசையாமல் பார்த்தார். முடிந்ததும் சொன்னார்:

'நல்லாத்தான் எடுத்திருக்கான் தம்பி. ஆனா பேசுறவங்க எல்லாரும் அவன் கூடவே இருந்தவங்களா இருக்காங்களே. பொஞ்சாதி, பொண்ணு, தம்பி, சிஷ்யப்பசங்க. எங்கியோ தரை டிக்கெட்ல உக்காந்து பார்த்தவன் ஒருத்தனும் பேசலியே. அவன் எங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தானே பெரிய ஆளு?'

நான் படித்த எந்த மதிப்புரையும் இந்த இடத்தைத் தொடவில்லை.

மாஸ்டர் சொன்ன இன்னொரு விஷயம். அவர் சிறுவனாக இருந்த ஊரில் சிலம்ப வாத்தியார் ஒருவர் இருந்தார். காலனிப் பையன்கள் தூர நின்று பார்க்கலாம். கம்பைத் தொடக் கூடாது. (எல்லா ஊரிலும் இப்படியென்று சொல்லிவிட முடியாது, வாத்தியார்களையும் தனி அடவுகளையும் உடைய சேரிகள் நம் பக்கத்தில் உண்டு. அவர் ஊரில் அப்படி.) எழுபதுகளின் பிற்பகுதியில் கடலூரில் ஒரு கொட்டகையில் 'என்டர் தி டிராகன்' பார்த்தாராம். 'கம்பு இல்ல, கத்தி இல்ல, சட்டையும் இல்ல. கையும் காலும்தான். அத எந்த வாத்தியாரு எங்கிட்டருந்து புடுங்க முடியும்?'

கராத்தே என்ற ஜப்பானியச் சொல்லுக்கு இன்று வழங்கும் பொருளே 'வெறுங்கை' என்பதுதான். வெறுங்கை என்பதைத் தமிழில் நாம் இல்லாமையின் அடையாளமாகவே பேசிவந்திருக்கிறோம். நிலமில்லாதவன், கருவியில்லாதவன், பரம்பரைப் பாத்தியதை இல்லாதவன் வெறுங்கையன். அந்த வெறுங்கையே ஆயுதம் என்று ஓர் உடல் திரையில் வந்து சொன்னபோது அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கோட்பாடு எதுவும் வேண்டாம். 'யாருக்கு வித்தை சொல்லித் தரலாம்' என்ற கேள்வி புரூஸ் லீயின் சொந்தக் கதையிலும் இருக்கிறது. சியாட்டிலில் அவருடைய முதல் மாணவர் ஜெஸ்ஸி குளோவர் என்ற கறுப்பர். சீனரல்லாதவருக்குக் கற்றுக்கொடுத்ததால்தான் 1964ல் ஓக்லண்டில் வோங் ஜாக் மானோடு சண்டை வந்தது என்பது லிண்டாவின் கூற்று. எதிர்த்தரப்பு அதை மறுத்தது. எது உண்மையானாலும், வித்தையைச் சுற்றி வேலி உண்டு என்பதையும் அது தாண்டப்பட்டது என்பதையும் இரு தரப்பின் பேச்சிலிருந்தும் அறியலாம்.

பார்வையாளர் பக்கமிருந்து யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. கல்கத்தாவில் பிறந்த விஜய் பிரஷாத் 2001ல் வெளிவந்த நூலில், கறுப்பர்களும் ஆசியர்களும் குங்ஃபூ படங்களின் வழியே ஒருவரையொருவர் கண்டுகொண்டதை ஏகாதிபத்திய எதிர்ப்பின் வரலாற்றோடு சேர்த்து எழுதினார். எஸ்.வி. ஸ்ரீநிவாஸ் ஆந்திரத்தின் இரண்டாந்தரக் கொட்டகைகளில் ஹாங்காங் படங்கள் எப்படிச் சுற்றிவந்தன, தெலுங்குப் படங்களுக்குள் எப்படி ஊறின என்று ஆராய்ந்தார். நம் பக்கம் அப்படி என்ன இருக்கிறது?

நம்மிடம் இருப்பது வேறொரு மரபு. இதே மஞ்சக்குப்பத்தில் 1934ல் பிறந்த ஜெயகாந்தன் 1972ல் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' எழுதினார். நட்சத்திரத்தின் மேல் பித்துக்கொண்ட உழைக்கும் பெண்ணின் சீரழிவு அதன் பொருள். அக்கறையோடுதான் எழுதினார், ஆனால் அந்தப் பெண் திரையில் என்ன கண்டாள் என்பதை அவளிடமிருந்து கேட்பதற்கு முன்பே, அவள் ஏமாந்துவிட்டாள் என்ற முடிவு கதைக்குள் வந்துவிடுகிறது. இருபது வருடம் கழித்து, 1992ல், எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றிய தன் ஆங்கில நூலில், சிலம்பமும் வாளுமாக அநீதியைத் தட்டிக்கேட்கும் அந்த நாயகன் நாட்டார் வீரர்களின் மரபை எப்படி உட்செரித்துக்கொண்டான் என்று விளக்கினார். மிக முக்கியமான நூல். ஆனால் அங்கும் பிம்பம் ஒரு பொறி. மக்கள் அதில் சிக்கியவர்கள். நான் இவர்களிடமிருந்து கற்றவன்தான். என்றாலும் மாஸ்டரின் வெறுங்கையை இந்த இரண்டு பிரதிகளில் எதற்குள் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. புரூஸ் லீ இங்கே ஓட்டுக் கேட்கவில்லை, மந்திரிசபை அமைக்கவில்லை, நம் மொழியே அவருக்குத் தெரியாது. அவரை எடுத்துக்கொண்டவர்கள் தம் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்க விமர்சகர் இந்தப் பார்வையாளரைக் காணவில்லை. நாம் கண்டோம், கண்டவுடன் திருத்தக் கிளம்பிவிட்டோம்.

4

இப்படிச் சொல்வதால் பார்வையாளரைப் புனிதராக்கிவிடவும் முடியாது. அதற்கு ஒரு காட்சியைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

1972ல் வந்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஷாங்காய். பூங்கா வாசலில் 'நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதியில்லை' என்று பலகை. உள்ளே போக வரும் புரூஸ் லீயைக் காவலாளி தடுத்துப் பலகையைச் சுட்டுகிறான். அந்நேரம் ஒரு வெள்ளைக்காரப் பெண் நாயோடு உள்ளே போகிறாள். அங்கே நிற்கும் ஜப்பானியன் ஒருவன், நாய் போல நடந்து வந்தால் உன்னைக் கூட்டிப்போகிறேன் என்கிறான். அடி விழுகிறது. பலகை பிடுங்கி வீசப்படுகிறது. அந்தரத்தில் எழும்பிய கால் அதைத் தூள்தூளாக்குகிறது.

ஷாங்காய் பூங்காவின் விதிமுறைகளை ஆராய்ந்து 1995ல் எழுதிய பிக்கர்ஸ், வாசர்ஸ்ட்ராம் ஆகிய வரலாற்றாசிரியர்கள், சீனருக்குத் தடையும் நாய்க்குத் தடையும் தனித்தனி விதிகளாக இருந்ததையே காட்டினார்கள். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்த பலகைக்கு உறுதியான சான்றில்லை. 1928 வரை தடை மட்டும் நிஜம். வெள்ளைக்காரர்களோடு வரும் வேலைக்காரச் சீனருக்கு விலக்கு உண்டு என்பதும் நிஜம். மக்களின் நினைவு இரண்டு விதிகளையும் சேர்த்து ஒரே வரியாக எழுதிக்கொண்டது. அது பொய்யா? வேலைக்காரனாக வந்தால் கொல்லைப்புறம் வரை வரலாம், மனிதனாக வந்தால் தெருவுக்குள்ளேயே வரக் கூடாது என்ற ஏற்பாட்டை அறிந்தவர்கள் அதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

'பி வாட்டர்' மதிப்புரைகளின் தர்க்கப்படி வாசித்தால் இந்தப் பலகை ஹாலிவுட்டின் வாசலில் தொங்குகிறது. உள்ளே விடாதவன் வெள்ளைக்காரன், வெளியே நிற்பவன் ஆசியன், சமாச்சாரம் முடிந்தது. ஆனால் காட்சியை உற்றுப் பாருங்கள். பலகையை எழுதியவன் அங்கே இல்லை. படம் எடுக்கப்பட்ட ஹாங்காங் அப்போது பிரிட்டிஷ் காலனி. ஆனால் கோபம் முழுக்க ஜப்பானியன் மேல் இறங்குகிறது. வாசலில் நின்று பலகையைச் சுட்டும் காவலாளி யார்? தலைப்பாகை கட்டிய சீக்கியன். இந்தியன்.

ஷாங்காய் அந்நியக் குடியிருப்பின் போலீஸில் 1880களிலிருந்தே சீக்கியப் பிரிவு இருந்தது. 'சீக்கியன்தானே, நாமில்லையே' என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. முதல் அபினிப் போரில், 1841ல், காண்டனுக்கு அருகே சான்யுவான்லியில் கொட்டும் மழையில் கிராமத்தார் சூழ்ந்துகொண்டது சென்னைப் படையின் 37ஆம் காலாட்படைச் சிப்பாய்களை. சீனர்கள் தம் மக்கள் எதிர்ப்பின் தொடக்கமாக இன்றும் கொண்டாடும் அந்தச் சம்பவத்தில் எதிர்ப்பக்கம் நின்றவர்கள் நம் மாகாணத்தவர்கள். இன்னும் கிட்டே வருவோம். 1690ல் கும்பினியார் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் தமதென்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர் அதன் மிச்சம். அந்த எல்லைக்குள் எத்தனை வாசல்களில் யார் யார் காவல் நின்றிருப்பார்கள்?

அதிகாரம் ஒரே கோட்டின் இரண்டு பக்கமாக நிற்பதில்லை, ஏணியாக நிற்கிறது என்பதை அம்பேத்கர் நமக்குப் 'படிநிலைச் சமத்துவமின்மை' என்று பெயரிட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பூங்கா வாசல் அப்படியொரு ஏணி. ஹாங்காங் சினிமாவைப் பற்றிய தன் நூலில் (1997) ஸ்டீஃபன் டியோ, புரூஸ் லீயின் தேசியம் எந்த அரசோடும் ஒட்டாத அருவமான, பண்பாட்டு வகைத் தேசியம் என்று வாதிட்டார். அருவமாக இருப்பதால்தான் அது கல்கத்தாவுக்கும் கடலூருக்கும் பயணப்பட முடிந்தது. ஆனால் பயணப்பட்டு வந்த இடத்தில் எல்லோருமே உதைக்கும் காலோடு தம்மை அடையாளப்படுத்திக்கொண்டார்கள். தலைப்பாகையோடு யாரும் அடையாளப்படுத்திக்கொள்ளவில்லை. ஊர்த்தெரு இளைஞனும் விசிலடித்தான், காலனி இளைஞனும் விசிலடித்தான். வீட்டுக்குத் திரும்பியதும் முதலாமவன் தன் தெருமுனையில் காவலுக்கு நின்றான்.

இங்கே பலகைகூடத் தேவையில்லை. சிதம்பரத்து வாசலில் நின்ற நந்தனுக்கு எந்தப் பலகையும் காட்டப்படவில்லை. தீ மூட்டிக் காட்டினார்கள். தன் உடலைத் தீக்குக் கொடுத்தவனே உள்ளே போகலாம் என்ற கதையை நாம் பக்தியாகவும் இசையாகவும் சினிமாவாகவும் திரும்பத்திரும்பச் சொல்லிக்கொண்டோம். அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்லிவிட முடியுமா? விழுப்புரம் பக்கத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோவிலுக்குள் தலித்துகள் போனதற்காக அடி விழுந்தது 2023ல். கோவிலுக்கே சீல் வைத்தார்கள். நீதிமன்றம் ஏறி இறங்கி, 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு அவர்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. தொண்ணூறுகளில் இந்த வட்டாரச் சுவர்களில் 'திருப்பி அடி' என்று எழுதினார்களே, அந்தச் சொல்லையும் அந்தரத்தில் எழும்பிய காலையும் ஒரே சுவரில் பார்த்து வளர்ந்த தலைமுறையிடம் போய், புரூஸ் லீக்கு ஹாலிவுட்டில் வேடம் கிடைக்காததுதான் அவர் கதையின் துயரம் என்று சொன்னால் அது ரொம்பச் சின்னத் துயரமாகத் தெரியாதா?

5

என் வாதத்துக்கு எதிராக நானே சொல்ல வேண்டியதும் உண்டு. 'திருப்பி அடி'யும் வெறுங்கையும் ஆண் உடலின் சொல்லாடலாகவே இருந்துவிட்டன. 'என்டர் தி டிராகன்' படத்தில் தங்கையாக வரும் ஏஞ்சலா மாவ் அத்தனை பேரை அடித்து வீழ்த்துகிறாள். கடைசியில் மானம் காக்கக் கண்ணாடிச் சில்லால் தன்னையே குத்திக்கொண்டு சாகிறாள், அண்ணன் பழிவாங்குவதற்கு ஒரு காரணம் வேண்டுமே! நம் சினிமாத் தங்கைகளுக்கும் இவளுக்கும் சண்டை தெரியும் என்பதைத் தவிர வித்தியாசமில்லை. 'பி வாட்டர்' படத்தின் நல்ல அம்சங்களில் ஒன்று, பெண்களின் குரலுக்கு அது கொடுக்கும் இடம். இளம்வயதில் அவரைக் காதலித்து, கல்யாணத்துக்கு மட்டும் சம்மதிக்காத ஏமி சான்போ பேசும்போது, குழந்தையாக இருந்தபோது தடுப்பு முகாமில் அடைபட்ட ஒரு பெண், தன் சுதந்திரத்தை எவனுக்கும் விட்டுக்கொடுக்க மறுத்ததன் காரணம் புரிகிறது. பக்திப்படம் என்று சொன்ன மதிப்புரையாளர்கள் இந்தக் குரலைச் சரியாகக் கேட்கவில்லை என்பேன். குடும்பத்தார் கட்டும் பிம்பத்தைப் படத்துக்குள்ளேயே சற்று அசைத்துப் பார்க்கும் குரல் அது.

உதையின் எல்லையையும் படமே சொல்லிவிடுகிறது. 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'யின் கடைசிக் காட்சியில் துப்பாக்கிகளை நோக்கிப் பாய்கிற உடல் அந்தரத்தில் உறைந்து நிற்க, வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. பலகையை ஒருவன் உடைக்கலாம். பலகையை எழுதியவனை, காவல் நிற்பவனை, பார்த்துக்கொண்டு கடந்துபோகிறவனை ஒரு காலால் உதைத்துத் தீர்க்க முடியாது. அந்த வேலைக்கு அமைப்பு வேண்டும், பேச்சு வேண்டும், விமர்சனமும் வேண்டும். விமர்சனத்தின் பங்கு சிறியதுதான். காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று விரல்நீட்டிக் காட்டுவது. 'பி வாட்டர்' பற்றி எழுதியவர்கள் பாதி வாசலைத்தான் காட்டினார்கள். நாமோ திரையரங்கு வாசலிலேயே நின்று, உள்ளே போனவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தோம்.

மாஸ்டரிடம் கராத்தே படிக்கிற பிள்ளைகள் சிலருக்கு அந்தப் பூங்கா வாசல் காட்சியை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினேன். பலகை உடைந்ததும் கை தட்டினார்கள். எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி மட்டும் கை தட்டாமல் கேட்டாள்:

'சார், வாசல்ல நின்னாரே தலைப்பாகை கட்டிக்கிட்டு, அவரு நம்ம ஆளா?'

மாஸ்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். 'அப்ப அவரை மட்டும் ஏன் யாரும் திட்டல?' என்றாள்.